நீ என்ன விடை போட்டாய்?

தேர்வு மண்டபத்தின் கதவு திறந்ததும் எழும் முதல் கேள்வி இதுதான். தமிழ்ப்பள்ளியில் யூ.பி.எஸ்.ஆர். எழுதிய நாளிலும் கேட்டோம், இடைநிலைப்பள்ளியில் எஸ்.பி.எம். எழுதியபோதும் கேட்டோம். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கும் எஸ்.டி.பி.எம். வரும்போது அதே கேள்வியின் கனம் கூடிவிடுகிறது. "முடிந்த தாளைப் பற்றிப் பேசாதீர்கள், அடுத்த தாளைப் பாருங்கள்" என்று ஆசிரியர்கள் சொல்லி அனுப்புவார்கள். நாமும் தலையை ஆட்டிவிட்டு நேராகக் கேண்டீன் மேசைக்குப் போய்ப் பேசுவோம். இப்பழக்கம் நன்மையா, தீமையா? கேட்பதற்குப் பட்டிமன்றத் தலைப்பு போலத்தான் இருக்கிறது. ஆயினும், இதையொட்டிக் கல்வி உளவியலார் சில நல்ல சோதனைகளைச் செய்திருக்கிறார்கள். அவற்றை என் சொந்த அனுபவம் ஒன்றோடு சேர்த்துப் பார்க்க விரும்புகிறேன். அந்த அனுபவம் எனக்குப் பெருமை தருவதன்று.

எஸ்.டி.பி.எம். 2012 முதல் மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முன் எழுதிய நம் மூத்தவர்கள் ஈராண்டுப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுதியவர்கள். நான் எழுதிய இரண்டாம் தவணை இயற்பியல் தாளில் பல்தேர்வு வினாக்கள் 15. அவற்றுள் ஒன்று மின்தேக்கியைப் பற்றியது. (கெபாசிட்டர் என்றால்தான் நம்மில் பலருக்கு விளங்கும்.) மின்னூட்டப்பட்ட மின்தேக்கியின் இரு தகடுகளுக்கு இடையிலான தூரத்தை இருமடங்காக்கினால், அதில் சேமிக்கப்பட்ட ஆற்றல் என்னவாகும்?

கேண்டீனில் ஐவர் உட்கார்ந்திருந்தோம். "பாதியாகும்" என்று நான் உரக்கச் சொன்னேன். மூவர் ஆமோதித்தனர். தோழி ஒருத்தி மட்டும், "நான் இரட்டிப்பாகும்னு போட்டேன்" என்றாள். நான் விடவில்லை. மேசையில் கிடந்த ரசீதின் பின்புறம் சூத்திரத்தை எழுதிக் காட்டி, அவள் தவறு என்று நிரூபித்தேன். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அப்படியும் நிறுத்தவில்லை.

ஒரு வாரம் கழித்து இயற்பியல் ஆசிரியரிடம் போனோம். அவர் விடையைச் சொல்லவில்லை. "பேட்டரியைக் கழற்றினார்களா, இல்லையா?" என்று மட்டும் கேட்டார். வினாவில் கழற்றியதாகத்தான் இருந்தது. பேட்டரி இணைந்திருந்தால் மின்னழுத்தம் மாறாது. தூரம் இருமடங்கானால் மின்தேக்குதிறன் பாதியாகும், ஆற்றலும் பாதியாகும். கழற்றிவிட்டால் மாறாமல் இருப்பது மின்னூட்டம். அப்போது ஆற்றல் என்பது மின்னூட்டத்தின் வர்க்கத்தை மின்தேக்குதிறனின் இருமடங்கால் வகுத்துக் கிடைப்பது. கீழே உள்ள எண் பாதியானால் விடை இரட்டிப்பாகும். கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வந்தது? ஒன்றையொன்று ஈர்க்கும் தகடுகளைப் பிரிக்க நாம் செய்த வேலையிலிருந்து வந்தது. தோழியின் விடையே சரி.

அப்படியானால் நால்வர் எப்படி ஒன்றாகத் தவறினோம்? நால்வரும் ஒரே டியூஷன் வகுப்பு. அங்கே நாங்கள் செய்த பயிற்சிகளில் பேட்டரி பெரும்பாலும் இணைந்தே இருக்கும். "நாலு பேர் சொல்கிறார்கள்" என்பதை இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொருவரும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 60 விழுக்காடு என்றும், ஒருவரையொருவர் சாராமல் சிந்திக்கிறார்கள் என்றும் கொண்டால், ஐவரில் பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 68 விழுக்காடு. கூட்டத்தால் லாபம்தான். ஆனால், பொறி வைத்த வினாவில் ஒவ்வொருவரின் வாய்ப்பும் 40 ஆக இருந்தால், பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு 32க்கு இறங்கிவிடுகிறது. ஒரே டியூஷனில் படித்தவர்கள் என்றால் நாலு பேர் என்பதே பொய். அது ஒரே குரல் நான்கு முறை கேட்பது.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். பல்தேர்வு வினாவில் தவறான விடையைத் தேர்ந்தவர் அதையே உண்மையென்று மனத்தில் பதித்துக்கொள்ளும் அபாயம் உண்டு என ரோடிகரும் மார்ஷும் 2005இல் காட்டினர். சரியான விடையைத் தெரிவித்தால் அந்தப் பாதிப்பு குறைகிறது என்று பட்லரும் ரோடிகரும் 2008இல் கண்டனர். ஆகவே, பேசாமலேயே இருந்துவிடுவதும் பாதுகாப்பன்று. பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. உறுதியாக நம்பிச் சொன்ன தவறான விடைகளே, திருத்தம் கிடைத்த பின் மற்றவற்றைவிட எளிதாகத் திருந்துகின்றன. இதற்கு நானே சாட்சி. அந்தத் தாளின் மற்ற 14 வினாக்களில் பாதிகூட இன்று நினைவில் இல்லை. மின்தேக்கியை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

விடை ஒப்பிடும்போது இன்னொரு பிழையான பாடத்தையும் நாம் கற்கிறோம். "முதலில் சரியாகத்தான் போட்டிருந்தேன், கடைசியில் அழித்துவிட்டேனே!" என்ற புலம்பல் எல்லா மேசைகளிலும் கேட்கும். முதல் விடையை மாற்றக்கூடாது என்று அங்கேயே சபதமும் நடக்கும். குரூகரும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களின் விடைத்தாள்களில் இருந்த அழிப்பு அடையாளங்களை எண்ணிப் பார்த்தனர். மாற்றப்பட்ட விடைகளில் 51 விழுக்காடு தவறிலிருந்து சரிக்கும், 25 விழுக்காடு சரியிலிருந்து தவறுக்கும், 23 விழுக்காடு ஒரு தவறிலிருந்து இன்னொரு தவறுக்கும் போயிருந்தன. மாற்றி இழந்த மதிப்பெண் வலிக்கிறது. மாற்றிப் பெற்ற மதிப்பெண்ணைப் பற்றி யாரும் கேண்டீனில் பேசுவதில்லை.

இந்த ஆய்வுகளில் இடம்பெறாத ஒன்றும் உண்டு. இயற்பியலுக்குப் பின் வேதியியல் தாள் இருந்தது. இடையில் கிடைத்த இரண்டு இரவுகளையும் தோழி அந்த ஒரு வினாவைப் புரட்டிப் பார்ப்பதிலேயே கழித்தாள். ஒன்றில் இப்படித் தவறினால் மற்றவை என்னவாகியிருக்கும் என்ற பயம். இயற்பியலில் அவளுக்கு நல்ல தேர்ச்சி கிடைத்தது. வேதியியல் சறுக்கிவிட்டது, அந்தத் தாளை மறுதேர்வில் எழுதினாள். ஆசிரியர்கள் சொன்ன அறிவுரையில் உண்மை இருந்தது அந்த இடைவெளியைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். எல்லாத் தாள்களும் முடிந்த பிறகு ஒப்பிட்டிருந்தால், என் பிழை என்னோடு போயிருக்கும்.

இப்போது அவளும் நானும் வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் படிக்கிறோம். பருவத் தேர்வு முடிந்த அன்று நாங்கள் விடுதியில் கூடி விடைகளைப் பார்ப்பது இன்றும் தொடர்கிறது. ஆனால், யாரும் வாய் திறப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தம் விடையையும் காரணத்தையும் தாளில் எழுதிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். இதைத் தோழியிடம் தொலைபேசியில் சொன்னேன். "விடையை அப்புறம் எழுதுங்க. முதல்ல கேள்வியை முழுசா எழுதச் சொல்லு" என்றாள்.