தனிமையில் பேசும் நாவு

மனிதன் தனியே இருக்கும்போது வாய்விட்டுப் பேசுவது உண்டு. அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் பெண், "உப்புப் போட்டேனா, இல்லையா?" என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள். மண்டைக்காட்டிலிருந்து குளச்சல் வரை கடற்கரையோரம் நடந்து பாருங்கள். வலையின் அறுந்த கண்களைக் கட்டிக்கொண்டே, எதிரில் இல்லாத யாரிடமோ கணக்குத் தீர்த்துக்கொண்டிருக்கும் முதியவர் ஒருவராவது கண்ணில் படுவார். காதில் கருவி மாட்டிக்கொண்டு நடப்போர் பெருகிவிட்ட இந்நாளில், யார் தொலைபேசியில் பேசுகிறார், யார் தமக்குத் தாமே பேசுகிறார் என்று பிரித்தறியவும் முடிவதில்லை!

"இப்படிப் பேசுவது கூடுமா? இதற்கும் கேள்வி கணக்கு உண்டா? அல்லது இது பைத்தியத்தின் அறிகுறியா?" என்று அப்பகுதிச் சகோதரர் ஒருவர் நம்மிடம் கேட்டிருக்கிறார். அவருடைய வினாவின் அடியில் ஒரு பயம் இருந்தது. மனைவியோடு சண்டையிட்ட அன்று, தோப்பில் தனியே தேங்காய் உரித்துக்கொண்டிருக்கையில், வாயில் ஒரு வார்த்தை வந்துவிட்டதாம். அதை அதற்குரிய இடத்தில் சொல்வோம். முதலில் பொதுவான விஷயத்தைப் பார்ப்போம்.

தனக்குத் தானே பேசுவது பைத்தியம் அல்ல. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கலீபாவாக இருந்த காலத்தில் ஒருநாள் ஒரு தோட்டத்துக்குள் சென்றார்கள். அனஸ் (ரலி) அவர்கள் சுவருக்கு இப்பால் நின்றிருந்தார்கள். உள்ளே உமர் (ரலி) அவர்கள் தம்மைத் தாமே பெயர் சொல்லி அழைத்து, 'அமீருல் முஃமினீன்' என்னும் பட்டத்தையும் சேர்த்துச் சொல்லி, தம்மையே ஏளனம் செய்வது போல் வியந்துவிட்டு, அல்லாஹ்வை அஞ்சிக்கொள், இல்லையேல் அவன் உன்னைத் தண்டிப்பான் என்ற கருத்தில் எச்சரித்துக்கொண்டது அவர்கள் காதில் விழுந்தது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தங்கள் முஅத்தாவில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பாரசீகமும் ஷாமும் யாருடைய ஆட்சியின் கீழ் வந்தனவோ, அவர் சுவர் மறைவில் தம் நஃப்ஸை நிறுத்தி விசாரித்த காட்சி இது. ஆகவே, தனியே பேசும் வயோதிகரைக் கண்டு பிள்ளைகள் சிரிப்பதும், "வாப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்று மருமக்கள் முணுமுணுப்பதும் முறையல்ல.

ஆனால் ஒன்று. தானாகப் பேசுவது வேறு. இல்லாத குரல் காதில் விழுந்து அதற்குப் பதில் சொல்வது வேறு. பின்னது நோய். அதற்கு மனநல வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். "ஜின் பிடித்திருக்கிறது" என்று எங்காவது கட்டிப் போடுவது மார்க்கமல்ல. 2001 ஆகஸ்ட் 6-ல், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. நோயாளிக்காக துஆச் செய்வதும் மருந்து கொடுப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல. துஆ வேண்டும் என்பதற்காக மருந்தை நிறுத்துவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி மஸ்அலாவுக்கு வருவோம்.

உள்ளத்தில் ஓடும் எண்ணங்களை, அவற்றைச் சொல்லாமலும் செய்யாமலும் இருக்கும் வரை, இந்த உம்மத்துக்கு அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இதை நன்றாகக் கவனியுங்கள். கல்புக்கும் நாவுக்கும் நடுவே ஒரு எல்லை போடப்பட்டிருக்கிறது. கல்பில் எத்தனை அலை அடித்தாலும் அது கடல். நாவைத் தாண்டிவிட்டால் அது கரைக்கு வந்துவிட்ட சரக்கு. அதற்கு விலை உண்டு. யாரும் கேட்கவில்லை என்பதால் அது சொல் அல்ல என்று ஆகிவிடாது. சொல்லை எதிர்பார்த்துக் கண்காணிப்பவர் ஆயத்தமாக இருக்கிறார் என்பது சூரத்துல் காஃபின் கருத்து. அங்கே கேட்பவர் ஒருவர் உண்டா இல்லையா என்ற பேச்சே இல்லை.

அப்படியானால், "உப்புப் போட்டேனா?" என்பதும் ஏட்டில் ஏறுமா? எல்லாச் சொல்லும் எழுதப்படும் என்று சில முபஸ்ஸிர்களும், நன்மையும் தீமையும் உள்ளவை மட்டுமே எழுதப்படும் என்று வேறு சிலரும் சொல்லியிருக்கிறார்கள். எப்படியானாலும் இத்தகைய பேச்சு முபாஹ், அதாவது ஆகுமானது. அதற்காகக் குற்றம் இல்லை. வலியில் முனகுவதும் அப்படியே. ஆயிஷா (ரலி) அவர்கள் தலைவலி தாளாமல் வாய்விட்டுச் சொன்னபோது, நாயகம் (ஸல்) அவர்கள் தங்கள் தலைவலியைச் சொல்லி மறுமொழி கூறினார்கள் என்று புகாரியில் வருகிறது. நோயாளியின் முனகலைப் பொறுமையின்மை என்று கண்டிப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இப்போது தோப்பில் தேங்காய் உரித்த சகோதரரின் வார்த்தை.

தலாக் என்பதைக் கல்பில் மட்டும் நினைத்தால் அது நிகழாது. மேலே சொன்ன ஹதீதே அதற்கு ஆதாரம். நாவால், தன் காதுக்குக் கேட்கும் அளவில், பொருள் அறிந்து, தன் மனைவியைக் குறித்து "தலாக் விட்டேன்" என்று சொல்லிவிட்டால், அவள் எதிரில் இல்லாவிட்டாலும், ஒருவரும் கேட்காவிட்டாலும் அது தலாக்தான். "தனியே சொன்னது கணக்கில் வராது" என்று நம் மக்களிடையே ஒரு எண்ணம் இருக்கிறது, அது தவறு. (ஒரே வேளையில் முத்தலாக் சொல்வது குறித்து 2019-ல் இந்நாட்டில் வந்த சட்டம் தனி, நாம் இங்கே மார்க்கத் தீர்வைச் சொல்கிறோம்.)

ஆனால் அச்சகோதரர் சொன்னது அதுவல்ல. சண்டையை மறுபடியும் மனத்தில் ஓட்டிப் பார்த்து, "இனியும் இப்படிப் பேசினால் தலாக் சொல்லிவிடுவேன் என்று அப்போதே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்றிருக்கிறார். இது சொல்லியிருக்கக்கூடிய ஒரு சொல்லை எடுத்துக் கூறுவது; அதிலும் மிரட்டல். இதனால் தலாக் நிகழாது. பாடம் ஓதும் மாணவன் கிதாபில் உள்ள தலாக் வாசகத்தைப் படிப்பதாலோ, பிறர் சொன்னதை ஒருவர் திரும்பச் சொல்வதாலோ நிகழாதது போலத்தான். அவர் ஒரு வாரம் வீட்டுக்குள் போகாமல் திண்ணையில் படுத்தாராம்! தம் ஊர் ஆலிமிடம் அன்றைக்கே போயிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். "சொன்னேனா, இல்லையா" என்று ஓயாமல் மனம் அரிப்பவர்களுக்கும் ஒரு சொல். வஸ்வாஸ் பிடித்தவரின் தலாக் செல்லாது என்று உக்பா பின் ஆமிர் (ரலி) அவர்கள் கூறியதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் எடுத்துக் காட்டியுள்ளார்கள். சந்தேகத்தால் நிகாஹ் முறியாது.

நேர்ச்சையும் இவ்வாறே நாவைச் சார்ந்தது. வளைகுடாவில் இருக்கும் மகனிடமிருந்து பத்து நாளாகப் பேச்சு இல்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உம்மா, "என் பிள்ளை நல்லபடியாகப் பேசிவிட்டால் ஏழைகளுக்கு ஓர் ஆடு அறுத்துக் கொடுப்பது அல்லாஹ்வுக்காக என்மேல் கடமை" என்று கிணற்றடியில் சொல்லிவிட்டாள். பக்கத்தில் காகம் தவிர யாரும் இல்லை. மகன் பேசிவிட்டான். ஆடு கடமையாகிவிட்டது. அவளே "கொடுத்தால் நன்றாயிருக்கும்" என்று ஆசையாகச் சொல்லியிருந்தாலோ, மனத்தில் மட்டும் எண்ணியிருந்தாலோ நேர்ச்சை ஆகாது. கொடுத்தால் நன்மை உண்டு, கொடுக்காவிட்டால் குற்றமில்லை. ஆகவே நேர்ச்சை வாசகத்தை வாயில் எடுக்குமுன் ஆட்டின் விலையை விசாரித்துக்கொள்வது நல்லது!

பேச்சுவாக்கில் வரும் "அல்லாஹ்வாணை" என்பது வேறு. சத்தியம் செய்யும் எண்ணமில்லாமல் பழக்கத்தில் நாவில் வருவது வீணான சத்தியம் என்றும், அதற்காகப் பிடிக்கப்படுவதில்லை என்றும் ஆயிஷா (ரலி) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபின் முடிவும் இதுவே. மனமறிந்து, "இனி அவன் வாசலை மிதிக்கமாட்டேன், இது சத்தியம்" என்று அல்லாஹ்வின் பெயரால் தனியே சொல்லி, பிறகு மிதித்தால் கப்பாரா உண்டு. பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ கொடுக்க வேண்டும். இயலாதவர் மூன்று நோன்பு நோற்க வேண்டும். அண்ணன் தம்பி உறவை முறிக்கும் சத்தியமானால், அதை முறித்துக் கப்பாராக் கொடுப்பதே சிறந்தது.

நம் வீடுகளில் மிக அதிகமாக நடப்பதும், மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் சாபம். அடுப்பு புகைந்தால் அடுப்புக்கு ஒரு சாபம். ஆடு செடியைத் தின்றால் ஆட்டுக்கு ஒன்று. பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தால், துவைக்கும் கல்லில் அந்தச் சட்டை விழுகிற ஒவ்வோர் அடிக்கும் ஒன்று. "நாசமாய்ப் போவான்" என்கிறாள் பெற்றவள். அவள் உள்ளத்தில் அது இல்லை என்பது நமக்கும் தெரியும். ஆனால் உங்களுக்கும், உங்கள் பிள்ளைகளுக்கும், உங்கள் செல்வங்களுக்கும் கேடாகப் பிரார்த்திக்காதீர்கள், கேட்டது கொடுக்கப்படும் நேரத்துடன் அது பொருந்திவிடக்கூடும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க, முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அந்த நேரம் லைலத்துல் கத்ரில் மட்டும்தான் வரும் என்று யார் சொன்னது? துணி துவைக்கும் வேளையிலும் வரலாம்.

ஒரு பயணத்தில் அன்சாரிப் பெண்மணி ஒருவர் தம் ஒட்டகத்தின்மேல் சலிப்புற்று அதைச் சபித்துவிட்டார். அண்ணலார் (ஸல்) அவர்கள் அதைக் கேட்டதும், ஒட்டகத்தின்மேல் உள்ளதை இறக்கிவிட்டு அதை விட்டுவிடும்படி உத்தரவிட்டார்கள். அது மனிதர்களுக்கிடையே நடந்து திரிந்ததையும், யாரும் அதைச் சீண்டாததையும் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் கண்ணால் பார்த்துச் சொல்கிறார்கள். சபித்த பொருளை வைத்துக்கொள்ள முடியாது என்று நம்மேலும் விதி வந்தால், நம் வீட்டில் அடுப்பு மிஞ்சுமா, ஆடு மிஞ்சுமா, பிள்ளைதான் மிஞ்சுமா?

பழக்கத்தை ஒரே நாளில் நிறுத்த முடியாது, சொல்லை மாற்றலாம். "நாசமாய்ப் போவான்" வரும் இடத்தில் "நல்லாயிருப்பான்" என்று, அதே கோபத்தோடு, அதே சுருதியில் சொல்லச் சில வீடுகளில் உம்மாமார் பழகியிருக்கிறார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அது துஆ.

நாவை வாய்க்குள் பூட்டி வை என்று நாம் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்வதில் உலகப் பிரயோஜனமும் இருக்கிறது. நெல் அளப்பவர் முதல் மரக்காலை "லாபம்" என்று தொடங்கி எண்ணிக்கையை உரக்கச் சொல்வது கணக்குத் தவறாமல் இருக்கத்தான். இரணியல் வழியாகப் போகும் ரயிலில் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் சிக்னலைக் கண்டதும் அது என்ன காட்டுகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது ரயில்வே விதி. ஜப்பானில், தனியாக ஓட்டுபவரும் விரலால் சுட்டிக்காட்டி உரக்கச் சொல்கிறார். கேரி லூப்யன், டேனியல் ஸ்விங்லி என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், தேடும் பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு தேடியவர்கள், நன்கு அறிமுகமான பொருளை விரைவில் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவந்தது. பெயரும் உருவமும் ஒட்டாத பொருளானால் சொல்வது தடையாகவும் ஆனதாம். மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே "கண்ணாடி, கண்ணாடி" என்று வீட்டைச் சுற்றும் பெரியவர்களை இனி யாரும் பரிகசிக்க வேண்டாம்.

கை வேலையில் இருக்கும்போது நாவு சும்மா இருக்கிறது. அந்த ஓய்வு பெரும் செல்வம். தக்கலையில் அடங்கியிருக்கும் பீர்முகம்மது அப்பா அவர்கள் நெசவுத் தொழில் செய்தவர்கள் என்பது வழக்கு. அவர்கள் பாடிய ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் ரஜபு மாதத்தில் தக்கலையில் கூடி ஓதுகிறார்கள். தறியில் உட்கார்ந்தவர்களுக்கு மிஹ்ராபு எட்டாத தூரமல்ல என்பதற்கு நம் மாவட்டத்துச் சான்று அது. கயிறு திரிப்பவரும், மீன் கழுவுபவரும், வண்டி ஓட்டுபவரும் ஸுப்ஹானல்லாஹ் சொல்ல ஒளு நிபந்தனை இல்லை. கிப்லாவும் நிபந்தனை இல்லை.

ஆனால் சொல்ல வேண்டும். நாவு அசையாமல் நினைப்பது நல்ல தியானமே. எனினும், ஓதும்படி ஏவப்பட்ட திக்ருகள், தனக்குக் கேட்கும்படி மொழிந்தாலன்றி ஓதியதாகக் கணக்கில் சேராது என்று இமாம் நவவி (ரஹ், வபாத்து ஹிஜ்ரி 676) அவர்கள் அத்காரில் எழுதியுள்ளார்கள். சாப்பிடும்போது பிஸ்மில்லாஹ்வைச் சற்று உரக்கவே சொல்லச் சொல்கிறார்கள். மறந்துபோன பக்கத்து ஆளுக்கும் ஞாபகம் வரும் அல்லவா?

கழிவறையில் பேச்சு மக்ரூஹ். அங்கே தும்மினால் மனத்துக்குள் ஹம்து சொன்னால் போதும். தொழுகையில் இருக்கும்போது பால் பொங்கும் ஓசை கேட்டு "ஐயோ, பால்!" என்று அறிந்தே சொன்னால் தொழுகை முறிந்துவிடும். தொழுகையில் இருப்பதை மறந்து ஓரிரு சொற்கள் வந்துவிட்டால் ஷாபிஈ மத்ஹபில் முறியாது. ஹனபி மத்ஹபில் மறந்து பேசினாலும் முறியும். நம் மாவட்டத்தில் இரு மத்ஹபினரும் அருகருகே வாழ்வதால், சம்பந்தி வீட்டுக்குப் போன மருமகளிடம் "உன் தொழுகை போய்விட்டது" என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம்.

தனியே தொழுகிற பலர் உதட்டைக்கூட அசைக்காமல் பாத்திஹாவை மனத்திலேயே ஓட்டிவிடுகிறார்கள். அந்தத் தொழுகை நிறைவேறாது. பாத்திஹா தன் காதுக்குக் கேட்க வேண்டும். "கடற்கரையில் தொழும்போது அலையின் இரைச்சலில் என் ஓதல் எனக்கே கேட்பதில்லையே, கத்த வேண்டுமா?" என்றும் அச்சகோதரர் கேட்டிருந்தார். வேண்டியதில்லை. அந்த இரைச்சல் இல்லாதிருந்தால் தன் காதுக்குக் கேட்டிருக்கும் என்ற அளவுக்கு ஓதினால் போதும்.