அந்த இரண்டு வாரங்கள் எங்கே?



சிங்கப்பூரின் ஹாக் லீ பேருந்துத் தொழிலாளர்களைப் பற்றிய உன் நாடகப் பிரதியைத் தேக்கா கோப்பிக்கடையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். முதல் காட்சியிலேயே உன் நடத்துநர், "கலவரம் ஆரம்பிச்சிருச்சு" என்கிறான். 1955 ஏப்ரல் கடைசி வாரம் என்று போட்டிருக்கிறாய். அங்கேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அப்போது தொடங்கியது வேலைநிறுத்தம், தம்பி. 229 பேரின் வேலைநீக்கம், நிர்வாகத்துக்கு வேண்டிய போட்டிச் சங்கம், இவைதான் தகராறு. நாலு பேர் செத்த கலவரம் மே 12-இல். நடுவில் இரண்டு வாரத்துக்கும் மேலாக அலெக்சாண்ட்ரா சாலைப் பணிமனை வாசலில் மறியல் நடந்தது; போலீஸ் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. அந்த நாள்களை நீ எழுதவே இல்லை. அடுத்த காட்சியில் நேரே தீயும் கல்லும்!

தகராற்றைக் குற்றமாகப் பார்க்கிற கண் காலனி அரசுடையது. பிரிட்டனிலும், இந்தியாவின் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், தொழிற்சங்கத்தைப் பதிவுசெய்வது அவரவர் விருப்பமாக இருந்தது. இங்கே 1940-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. மறு வருடச் சட்டம், தன் தொழிலைத் தாண்டிய நோக்கத்தோடு அரசை நெருக்கும் வேலைநிறுத்தத்தைச் சட்டவிரோதமாக்கியது. ஹாக் லீக்குப் பிறகு, 1955 அக்டோபரில் வந்தது குற்றவியல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம். பெயரில்தான் தற்காலிகம். 2012-இல் வேலைநிறுத்தம் செய்த சீனாவைச் சேர்ந்த பேருந்து ஓட்டுநர்கள் மீது பாய்ந்ததும் அதுவே. 14 நாள் முன்னறிவிப்பு தரவில்லை என்பது குற்றம்.

வேறொரு வேலைநிறுத்தத்தை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் அப்பா தபால்காரர். பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். 1952 மே மாதம் ஏறத்தாழ 500 தபால்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள். சங்கத்தின் சட்ட ஆலோசகர் இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. முதல் நாள் தபால் நிலையத்தில் துப்பாக்கியோடு கூர்க்காக்களை நிறுத்தியிருந்தார்கள். அப்பாவோ, வேலைக்குப் போகிற நாளைப் போலவே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். "சத்தம் போடாம நிக்கிறதுதான் கஷ்டம்" என்று அம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. யாரும் கல்லெறியவில்லை. அதனால்தானோ என்னவோ, அதை நாடகமாக்க யாருக்கும் தோன்றவில்லை.

நான்காம் காட்சிக்கு வருகிறேன். வேலை போன நடத்துநர் தூங்குகிறான். விரல்கள் மட்டும் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கின்றன. படித்துவிட்டுப் பிரதியை மூடி வைத்தேன். இந்த ஊர்த் தமிழ் மேடையில் இதற்கு இணையாக ஒன்றை நான் பார்த்ததில்லை. அதில் ஓர் எழுத்தையும் மாற்றாதே.

மறியலில் நின்ற நாள்களில் அந்த விரல்கள் என்ன செய்தன? அதை எழுதி அனுப்பு.