பிள்ளைத்தாய்ச்சியின் நடைக்குத் தக்கதாக

வேதபாடம்
வாசிக்க வேண்டிய பகுதி: ஆதியாகமம் 33:1-14, லூக்கா 1:24-56



வேலைக்குப் போகிற நம் சகோதரிகள் கர்ப்பந்தரித்த ஆரம்ப நாட்களில் என் மனைவியிடத்தில் சொல்லி, ஜெபத்துக்காக என்னிடத்தில் வருகிற கேள்வி ஒன்று உண்டு. "ரெண்டு மாசம் ஆகுது. காலையில எழுந்தா வாந்தி. வேலை முடிஞ்சு வந்தா அப்படியே படுத்துடலாம்னு இருக்கு. ஜெபிக்கக்கூட முடியல. எனக்கு விசுவாசம் குறைஞ்சு போச்சா?"

இல்லை, சகோதரி. இது அவிசுவாசம் அல்ல. வேதம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம்.

1. யாக்கோபு எடுத்த தீர்மானம்

ஏசா 400 பேரோடே வந்தான். "வா, சேர்ந்து போகலாம்" என்று கூப்பிட்டான். யாக்கோபு ஒத்துக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பால் கொடுக்கிற ஆடுமாடுகள் இருக்கின்றன, ஒரே ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை செத்துப்போகும் என்றான். அவைகளின் நடை எவ்வளவோ, அவ்வளவுதான் என் நடையும் என்றான்.

கவனியுங்கள். பலசாலியின் வேகம் மந்தைக்கு அளவுகோல் அல்ல. பலவீனமானவர்களின் நடைக்குத் தக்கதாகப் பலசாலிதான் தன் நடையைக் குறைக்க வேண்டும். ஏசாயா 40:11-ல் நம்முடைய நல்ல மேய்ப்பரும் அப்படியே செய்கிறார்.

2. மரியாள் போன வீடு

கர்ப்பந்தரித்த மரியாள் எங்கே போனாள்? எலிசபெத்தின் வீட்டுக்குப் போய், ஏறக்குறைய 3 மாதம் தங்கினாள். எலிசபெத்தும் தன் முதல் 5 மாதத்தை வெளியே வராமல் கழித்தவள். சகரியாவுக்கோ அப்போது பேச்சு இல்லை. ஆகவே அந்த வீட்டில் "அதைச் செய், இதைச் செய்" என்று அதட்ட ஆண்குரலும் இல்லை! ஆவியினால் நிறைந்த அந்த வீட்டில் ஓய்வும் இருந்தது, துதியும் இருந்தது. இந்தச் சந்திப்பை நமக்கு எழுதித் தந்தவர் லூக்கா. அவர் ஒரு வைத்தியர் (கொலோசெயர் 4:14).

3. சரீரத்தில் நடக்கிறது என்ன?

முதல் 12 வாரத்துக்குள் பிள்ளையின் இருதயம், மூளை, கை, கால் எல்லாம் உருவாகிவிடுகின்றன. அதற்காகத் தாயின் சரீரத்தில் ஹார்மோன்கள் ஏறுவதால்தான் குமட்டலும் தூக்கமும் வருகின்றன. குமட்டல் பெரும்பாலும் 6-வது வாரத்தை ஒட்டித் தொடங்கி, 12 முதல் 16 வாரத்துக்குள் குறையும். வயிறு வெளியே தெரியாததினால் பஸ்ஸில் ஒருவரும் எழுந்து இடம் கொடுக்கமாட்டார்கள். ஆனால் அலுப்பு அதிகமாக இருப்பது இந்த நாட்களில்தான்.

4. வேலை ஸ்தலத்தில்

தி.நகர் உஸ்மான் ரோட்டிலும் ரங்கநாதன் தெருவிலும் ஜவுளிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்த பெண்கள் எத்தனையோ பேர். 2021-ல் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று ஆனது. ஆகவே உட்காருவதற்குக் கூச்சப்படாதேயுங்கள்.

பேறுகால விடுப்பு 2017-ல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. ஆனால் பிரசவத்துக்கு முன் அதில் 8 வாரம்தான் எடுக்கலாம். ஆரம்ப மாதங்களுக்கு அது உதவாது. கர்ப்பத்தினால் உடல்நிலை கெட்டால், மருத்துவச் சான்றின்பேரில் தனியாக 1 மாதம் வரை விடுப்புக்கு வழி உண்டு. அதனால் மேலே இருக்கிற ஒருவரிடமாவது முன்னமே சொல்லிவையுங்கள். துணிக் கட்டு தூக்குகிற வேலையை மாற்றிக் கேளுங்கள்.

படுக்கையை விட்டு எழும்புமுன் ஒரு ரஸ்க் அல்லது கொஞ்சம் பொரி சாப்பிடுங்கள். வயிற்றைக் காலியாக விடாமல், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சங் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை டாக்டர் சொன்னபடி எடுங்கள். மற்ற மாத்திரைகளை நீங்களாகக் கடையில் வாங்கவேண்டாம். 12 வாரத்துக்குள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

5. வீட்டாருக்கும் சபைக்கும்

மாமியார்மாரே, "நாங்கள்லாம் குடம் குடமா தண்ணி தூக்கலையா?" என்று சொல்லவேண்டாம். நீங்கள் பட்ட கஷ்டம் மருமகளும் படவேண்டும் என்று தேவன் கேட்கவில்லை. எலிசபெத்தைப் போல வாழ்த்தி ஏற்றுக்கொள்ளுங்கள். புருஷர்களே, காலையில் அடுப்பை நீங்கள் பற்றவையுங்கள். தாளிக்கிற வாசனையே அவளுக்கு ஆகாது.

இந்த மாதங்களில் சகோதரிகள் உபவாசம் இருக்கவேண்டாம். முழு இரவு ஜெபத்துக்கு வரவில்லையே என்று வருந்தவும் வேண்டாம். படுத்தபடியே "இயேசுவே" என்று சொன்னால் அவர் கேட்கிறார். ஓசியா 6:6-ஐ வாசித்துப் பாருங்கள்.

ஒருவேளை கர்ப்பம் நிலைக்காமற்போனால், "வேலைக்குப் போனதாலதான்", "பாவம் இருக்கு" என்று ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. ஆரம்பத்தில் கலைகிற கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதி, கருவிலேயே உள்ள குரோமோசோம் குறைபாட்டினால் கலைகின்றன. அந்தத் தாயோடே உட்கார்ந்து அழுங்கள்; அது போதும்.

எச்சரிக்கை: இரத்தப்போக்கு, கடுமையான வயிற்றுவலி, மயக்கம், தண்ணீர்கூட வயிற்றில் தங்காத வாந்தி, இவைகளில் எது வந்தாலும் ஜெபித்துக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம்.

சிந்திக்க: உங்கள் வீட்டில் யாருடைய நடைக்குத் தக்கதாக மற்றவர்கள் நடக்கிறார்கள்?

ஜெபம்: நல்ல மேய்ப்பரே, சுமக்கிற தாய்மாரை மெதுவாய் நடத்தும். அவர்களோடு மெதுவாய் நடக்க எங்களுக்கும் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.