சூரிய மின் நிலையத்துக்கு நிலம்: உழவர் அறிய வேண்டியவை



சூரிய ஒளியிலிருந்து ஒரு மெகாவாட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 5 ஏக்கர் நிலம் தேவை. ஆகவே பெரிய மின் நிலையங்கள் தரிசு நிலங்களையும் மானாவாரி நிலங்களையும் நாடி வருகின்றன. இந்நிலத்தை எம்முறையில் பெறுவது என்ற அரசின் கொள்கையைப் பொறுத்தே வட்டாரத்துக்கு முதலீடும், நமக்கு வருவாயும் வேலையும் அமைகின்றன.

மூன்று முறைகள்

1. அரசு நிலம்: இராஜஸ்தானின் பட்லா சூரிய மின் பூங்கா 2,245 மெகாவாட் திறன் கொண்டது. இதன் பெரும்பகுதி அரசு நிலம். நிலம் ஒரே கையில் இருந்ததால் முதலீடு எளிதில் வந்தது. ஆனால் அங்கே ஆடு மாடு மேய்த்தவர்களிடம் பட்டா இல்லை. மேய்ச்சல் தரை வேலிக்குள் போயிற்று.

2. கிரையம்: இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2016-இல் அமைந்தது. சுமார் 2,500 ஏக்கர் தேவைப்பட்டது. தனியாரிடமிருந்து நிலம் விலைக்கு வாங்கப்பட்டது. கிரையத்தில் பணம் ஒரு முறைதான் வரும். பின்னர் நிலத்தின் மதிப்பு உயர்ந்தாலும் விற்றவருக்குப் பங்கில்லை.

3. குத்தகை: கர்நாடகத்தின் துமகூரு மாவட்டம் பாவகடா வறட்சிக்குப் பேர்போன வட்டாரம். அங்கே ஐந்து கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் பூங்கா அமைந்துள்ளது. 2015-இல் தோன்றிய அரசுக் கழகம் நிலத்தை உழவரிடமிருந்து குத்தகைக்கு எடுத்து, சாலையும் மின்பாதையும் அமைத்து, நிறுவனங்களுக்கு ஒதுக்கியது. ஆண்டுக் குத்தகை தொடக்கத்தில் ஏக்கருக்கு 21,000 ரூபாயாக இருந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 5 விழுக்காடு உயர்வு. நிலத்தின் உரிமை உழவரிடமே உள்ளது.

கணக்குப் பாருங்கள்

21,000 ரூபாய் பத்தாண்டு கழித்து ஏறத்தாழ 26,800 ரூபாய் ஆகும். விலைவாசி இதைவிட வேகமாக ஏறினால், கையில் வரும் பணம் கூடினாலும் அதன் மதிப்பு குறையும். எனவே தொடக்கத் தொகையைப் போலவே உயர்வு விகிதமும் முக்கியம்.

வேலை யாருக்கு?

கட்டுமானக் காலத்தில் வேலை மிகுதி. பிறகு தகடு துடைத்தல், புல் வெட்டுதல், காவல் ஆகியவையே எஞ்சும். இவற்றுக்குச் சிலரே போதும். குத்தகைப் பணம் பட்டாதாரருக்குத்தான். களை எடுத்தும் அறுவடை செய்தும் பிழைத்த நிலமற்ற கூலியாட்களுக்கு வயல் வேலையும் போய்விடும்.

கையெழுத்திடுமுன் கவனிக்க

1. பட்டா உங்கள் பெயரில் உள்ளதா? தந்தை பெயரிலோ கூட்டாகவோ இருந்தால் முதலில் சரிசெய்யுங்கள்.

2. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம்.

3. காலம் முடிந்ததும் கம்பங்களையும் காங்கிரீட்டையும் அகற்றி, உழக்கூடிய நிலமாகத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

4. ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை அடைபடாதிருக்க ஒப்பந்தத்தில் இடம் இருக்கட்டும்.

5. உள்ளூர்க் கூலியாட்களுக்கும் பெண்களுக்கும் பராமரிப்பு வேலையில் முன்னுரிமை கேளுங்கள்.

6. தனித்தனியே பேசாமல், பக்கத்து நிலத்தாருடன் கூடிப் பேசுங்கள்.

25 ஆண்டுகளுக்கும் மேலான ஒப்பந்தம் உங்கள் பிள்ளைகளையும் கட்டுப்படுத்தும். ஆகவே அவர்களையும் அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்த பின்பே கையெழுத்திடுங்கள்.