ஆன்மிக அறிவுக்கு மைக்ரோமீட்டர் உண்டா?

ஐ.க்யூ. வந்தது, பின்னாலேயே உணர்ச்சி நுண்ணறிவு என்று ஈ.க்யூ. வந்தது. இப்போது பயிற்சி வகுப்புகளில் எஸ்.க்யூ. என்ற பெயரும் அடிபடுகிறது: ஆன்மிக நுண்ணறிவு. "எதற்காக இந்த வேலை, எதற்காக இந்த வாழ்க்கை" என்று கேட்டு, கிடைத்த விடைப்படி நடக்கும் திறன் என்று விளக்கம் சொல்கிறார்கள். அப்படி நடப்பவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். அதைச் சுற்றி வளர்ந்த கதைகளைத்தான் சலித்துப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை 1: ஐ.க்யூ. போல இதுவும் உளவியல் ஒப்புக்கொண்ட அளவு.

உண்மை: 1997-ல் டானா சோஹர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. 2000-ல் இயன் மார்ஷலுடன் சேர்ந்து தனிப் புத்தகமே எழுதினார். அதே ஆண்டு ராபர்ட் எம்மன்ஸ் என்ற உளவியலாளர் ஆன்மிகத்தையும் ஒரு நுண்ணறிவாகக் கொள்ளலாம் என்று வாதிட, பல்வகை நுண்ணறிவுக் கோட்பாட்டைத் தந்த ஹோவர்ட் கார்ட்னரே அதை மறுத்து எழுதினார். வாழ்வு, சாவு பற்றிய பெரிய கேள்விகளை எழுப்பும் திறனுக்கு மட்டும் பாதி இடம் கொடுத்தார். தன் பட்டியலில் இருப்பது எட்டரை நுண்ணறிவுகள் என்றார். வழக்கு இன்னும் முடியவில்லை.

நம்பிக்கை 2: கேள்வித்தாளை நிரப்பினால் நம் எஸ்.க்யூ. தெரிந்துவிடும்.

உண்மை: பரவலாகப் பயன்படுவது கனடாவில் டேவிட் கிங் 2008-ல் உருவாக்கிய தாள். அதில் 24 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று, நிரப்புபவரே 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். கோவை கணபதிப் பகுதிப் பட்டறையில் லேத்தில் கடைந்த பீஸை மைக்ரோமீட்டரில் பிடிக்காமல், "அளவு சரியா வந்திருக்குதுங்களா?" என்று பீஸையே கேட்பது மாதிரி. தன்னைப் பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார் என்பதுதான் அதில் தெரியும்.

நம்பிக்கை 3: ஆன்மிக அறிவுக்கென்றே மூளையில் 'கடவுள் புள்ளி' ஒன்று இருக்கிறது.

உண்மை: தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், ஒருவகை வலிப்பு உள்ள சிலரின் உடல் மதம் சார்ந்த சொற்களுக்குக் கூடுதல் எதிர்வினை காட்டுவதைக் கண்டார். அது வலிப்பு நோயாளிகளைப் பற்றிய செய்தி. அதை நாம் எல்லோர் தலையிலும் ஏற்றிவிட்டோம். 2006-ல் மான்ட்ரியலில் 15 கன்னியாஸ்திரிகளின் மூளையைப் படமெடுத்தபோது, ஒரு புள்ளி அல்ல, பல பகுதிகள் சேர்ந்து இயங்கின.

நம்பிக்கை 4: இதெல்லாம் தொழிலை விட்டுவிட்டு வெள்ளியங்கிரி மலை ஏறுபவர்களுக்கு.

உண்மை: ஆழியாறில் அறிவுத் திருக்கோயில் எழுப்பிய வேதாத்திரி மகரிஷி (1911–2006) நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தறி நெய்து, ஜவுளித் தொழிலும் நடத்தியவர். அவருடைய மனவளக்கலையில் 'கவலை ஒழித்தல்' என்றொரு பயிற்சி. தாளும் பேனாவும் போதும். கவலைகளை எழுதி நான்காகப் பிரிக்க வேண்டும்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியப்படுத்த வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. ஒரு ஃபவுண்டரிக்காரர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொழிலுக்கு வராமல் மகன் வெளிநாடு போனது முதல் வரிசை. புது மெஷின் இரண்டாவது. பக்கத்துப் பட்டறைக்காரர் பேசிய பேச்சு மூன்றாவது. ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்த நூறு பீஸ் நான்காவது.

நம்பிக்கை 5: ஆட்களுக்கு எஸ்.க்யூ. வகுப்பு எடுத்தால் மில்லில் பிரச்சினையே வராது.

உண்மை: எஸ்.க்யூ. கூடினால் வேலையில் மனநிறைவு கூடும் என்னும் ஆய்வுகள் பலவும், ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் எஸ்.க்யூ. தாள், மனநிறைவுத் தாள் இரண்டையும் நிரப்பி வாங்கியவை. எது காரணம், எது விளைவு என்று அதில் பிடிபடாது. தொடர்ந்து இரவு ஷிப்ட் போட்டால் வரும் அலுப்பு கண்ணை மூடி உட்கார்ந்தால் தீராது. தீபாவளிக்கு முந்தின வாரம் மில் தொழிலாளி அந்தக் கவலைத் தாளை எழுதினால், போனஸ் நான்காம் வரிசையில்தான் வரும். முதலாளி தன் தாளில் அதை எந்த வரிசையில் எழுதுகிறார் என்று பார்த்தால் போதும். 24 கேள்விகள் வேண்டியதில்லை.