இரண்டு யூனிட்டின் எடை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அரியர் பேப்பர் பற்றிக் கேட்டிருந்தாயே, அதற்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன். முதலில் அந்த டீக்கடைச் சங்கதியை முடித்துவிடுவோம். கிரஷருக்குப் போகிற பாதையில் பழைய டிப்பர் டிரைவர்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு நீ இப்படி எழுதியிருக்கிறாய்: "ஐயா, அந்தக் காலத்து டாடா பன்னெண்டு பத்து ரெண்டு யூனிட் மணலை அலட்டிக்காம இழுத்துச்சாம். இப்ப வர்ற வண்டியெல்லாம் வெறும் தகரமாம். அப்படின்னா ஆர்.சி. புத்தகத்துல போட்டிருக்கிற எடை வரம்பு அபராதம் வாங்கத்தானே?"

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்திய காலம் முழுக்க இந்தக் கேள்வி வேறு வேறு சட்டை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிச்சல்தான் வரும். டிரைவர்கள் மேல் அல்ல. அவர்கள் ஓட்டியதைச் சொல்கிறார்கள், பொய் சொல்லவில்லை. மூன்று வருஷம் டிப்ளமோ படித்தவன் ஒரு கணக்கும் போட்டுப் பார்க்காமல் அதை அப்படியே நம்பிவிடுகிறானே, அதுதான் எரிச்சல்.

"பன்னெண்டு பத்து" என்ற பெயரிலேயே விடை பாதி இருக்கிறது. டாடாவின் டெல்கோ நிறுவனம் 1954-இல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸோடு சேர்ந்து லாரி கட்டத் தொடங்கியது. பிறகு அந்த வண்டிகளுக்கு வைத்த எண்களில் முதல் இரண்டு இலக்கம் மொத்த எடை டன்னில். அடுத்த இரண்டைப் பத்தால் பெருக்கினால் குதிரைத்திறன். 1210 என்றால் 12 டன், 100 குதிரை. 1612 என்றால் 16 டன், 120 குதிரை. பின்னால் வந்த பத்துச் சக்கர 2516, பன்னிரண்டு சக்கர 3118 எல்லாம் இதே கணக்குத்தான். எடை வரம்பை வண்டியின் முகத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைத் தினமும் துடைத்து, ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து, அதன் மேலேயே எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டுத்தான் நம் ஆட்கள் ஓட்டினார்கள்.

மொத்த எடையில் வண்டியின் சொந்த எடையும் அடக்கம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜாக்கி, இரும்புப் பெட்டி, டீசல், ஆள் எல்லாம் சேர்ந்து காலி டிப்பர் 5 டன் என்று வைத்துக்கொள். மிச்சம் 7 டன். அந்த 7 டன்னுக்குள் இரண்டு யூனிட் மணல் அடங்குமா?

நான் சொல்ல வந்ததே இந்த இடம்தான். என்னைக் கேட்டால், நம் ஊர் டிப்பர்களைப் பற்றிய எல்லாச் சண்டைக்கும் ஒரே காரணம், மணலையும் ஜல்லியையும் கன அடியில் விற்று, கிலோவில் பிடிப்பதுதான். அரிசி மூட்டை ஏற்றிய லாரி டிரைவருக்கு எத்தனை மூட்டை, எத்தனை கிலோ என்று மனப்பாடமாகத் தெரியும். மணல் ஏற்றியவனுக்கு யூனிட்தான் தெரியும். யூனிட் என்றால் 100 கன அடி, ஏறக்குறைய 2.83 கன மீட்டர். அது இடத்தின் அளவு, எடையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. காய்ந்த ஆற்று மணல் கன மீட்டருக்கு 1.6 டன் என்று எடுத்துக்கொண்டால் ஒரு யூனிட் நாலரை டன் வரும். இரண்டு யூனிட் 9 டன். காய்ந்த மணலுக்கே 2 டன் ஓவர்லோடு.

ஆனால் ஆற்றிலிருந்து எவன் தம்பி காய்ந்த மணலை அள்ளினான்?

இதை நீயே உன் கையால் செய்து பார். உன் கல்லூரியில் சிவில் ஆய்வகம் இருக்கும். ஐ.எஸ். 2386-இன் மூன்றாம் பகுதியில் உள்ள சோதனை இது. சிவில் பிரிவினருக்கு அன்றாட வேலை, உங்கள் பிரிவில் ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் ஈரமாக இருக்கும் மணலைப் போட்டு மட்டம் தட்டி, உயரத்தைக் குறித்துக்கொள். மணலை வெளியே கொட்டிவிட்டு, ஜாடியில் பாதிக்குத் தண்ணீர் ஊற்று. அதே மணலைத் திரும்ப உள்ளே போட்டுக் கம்பியால் குத்திவிடு. குமிழி குமிழியாகக் காற்று மேலே வரும், தண்ணீர் கலங்கும், பிறகு தெளியும். இப்போது மணலின் மட்டத்தைப் பார். முதலில் போட்ட கோட்டுக்கு நன்றாகக் கீழே நிற்கும். ஒரு மணலும் குறையவில்லை. ஈரப் படலம் மணலைத் தள்ளித் தள்ளி நிறுத்தி உப்ப வைத்திருந்தது. தண்ணீர் நிறைந்ததும் அந்தப் பிடி விட்டுப்போய் மணல் படிந்துவிட்டது. நூற்றுக்கு ஐந்து பங்கு ஈரம் இருந்தால் போதும், மணல் கால் பங்கு வரை உப்பிவிடும்.

இதை லாரிக்குக் கொண்டுவா. கொட்டி வைத்து நீர் வடிந்த, லேசான ஈர மணலில் ஒரு யூனிட்டின் எடை 3.8 டன்தான். ஆற்றுக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஏற்றினால் அதே ஒரு யூனிட் 5.6 டன். இரண்டு யூனிட்டுக்கு ஒரு பக்கம் 7.6, மறுபக்கம் 11.2. ஒரே வண்டி, ஒரே பெட்டி, தலை தட்டி ஏற்றிய ஒரே அளவு. வித்தியாசம் மட்டும் 3.6 டன்! ஒரு டிரைவர் "வண்டி பறக்கும்" என்கிறார், இன்னொருவர் "மேட்டுல ஃபர்ஸ்ட் கியருக்கே முக்கும்" என்கிறார். இருவரும் ஒரே 1210-ஐத்தான் ஓட்டியிருப்பார்கள், இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். அவர்கள் வண்டியின் பலத்தை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு மணலின் ஈரத்தை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எம்-சாண்டுக்கும் இது பொருந்தும். 20 மில்லி ஜல்லிக்குப் பொருந்தாது, அது உப்பாது. கட்டடக்காரர்களிடம் கேட்டுப் பார்.

பலகை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்டி 12 அடி நீளம், 7 அடி அகலம், கிட்டத்தட்ட 2 அடி 5 அங்குல உயரம் இருந்தால் அது இரண்டு யூனிட். அதன் மேல் சுற்றிலும் 9 அங்குலப் பலகை அடித்தால் 63 கன அடி கூடும். காய்ந்த மணலிலேயே அது 2.8 டன். பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரு சாண் உயரம், அவ்வளவுதான்.

சரி, 11.2 டன்னும் வண்டி 5 டன்னும் சேர்ந்து 16.2 டன். 12 டன் வண்டி உடையாமல்தானே போனது என்பாய். போனது. ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகச் சொருகி, 9.00-20 நைலான் டயரில் காற்றைக் கூட்டி, மணிக்கு முப்பது நாற்பது கிலோமீட்டரில் உருட்டிக்கொண்டு போனார்கள். அந்த வேகத்தில் பள்ளம் தரும் அடி குறைவு. உடைந்த வண்டிகளும் உண்டு. பின் ஸ்பிரிங் தாங்கிக்குப் பக்கத்தில், சேஸின் கீழ் விளிம்பில் முதலில் தலைமுடி மாதிரி ஒரு கீறல் விழும். அதைத் துரு வரி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். விரலால் தேய்த்தால் துரு அழியும், கீறல் அழியாது. வெல்டிங் வைத்து மேலே ஒரு பட்டையைப் போட்டு ஓட்டுவார்கள். அடுத்த கீறல் அந்தப் பட்டை முடியும் இடத்தில் வரும். இப்படிப் போன வண்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. தப்பிய வண்டிகள்தான் இன்று டீக்கடைப் பேச்சில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் எடை வரம்பு வண்டி உடையும் அளவைக் குறிப்பதல்ல. உன் கேள்வியில் எனக்குப் பெரிய எரிச்சல் அதுதான். வரம்பில் பெரும் பங்கு சாலையைப் பற்றியது. சாலைக்கு மொத்த எடை தெரியாது. ஒவ்வொரு அச்சும் எவ்வளவு அழுத்துகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நூலகத்தின் மூலையில் தூசி படிந்து கிடந்த அறிக்கைக் கட்டு ஒன்றைப் படிக்க எடுத்தேன். பாடத்துக்குச் சம்பந்தமில்லை. மழைக்காலம், வேறு வேலையும் இல்லை. துப்பறியும் கதையை வைக்க முடியாமல் படிப்பார்களே, அப்படிப் படித்தேன். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஆட்டவா என்ற ஊருக்குப் பக்கத்தில், உடைப்பதற்கென்றே சாலை போட்டார்கள். 1958 அக்டோபரில் தொடங்கி 1960 நவம்பர் வரை ராணுவ வீரர்கள் அந்த வளையச் சாலைகளில் லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். ஒரு வளையத்தில் வெறும் 2,000 பவுண்டு அச்சு, இன்னொன்றில் 30,000 பவுண்டு. மொத்தம் 11 லட்சம் அச்சுகளுக்கு மேல் ஒரே இடத்தின் மேல் ஏறி இறங்கின. ஒவ்வொரு பகுதியும் எப்போது விரிசல் விட்டது, எப்போது குழி விழுந்தது என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். சும்மா சுற்றிச் சுற்றி ஓட்டுவதற்குச் சம்பளம் வாங்கிய டிரைவர்கள் உலகத்தில் அவர்களாகத்தான் இருக்கும்.

அங்கிருந்து வந்ததுதான் நான்காம் படி விதி. அச்சின் எடை இரண்டு மடங்கானால் சாலைக்குச் சேதம் இரண்டு மடங்கல்ல, இரண்டின் நான்காம் படி, அதாவது 16 மடங்கு. துல்லியமான இயற்கை விதி என்று இதைச் சொல்ல மாட்டேன். மண்ணுக்கும் சாலையின் தடிமனுக்கும் ஏற்ப அந்தப் படி கூடும், குறையும். ஆனாலும் அந்தச் சோதனையின் 18,000 பவுண்டு அச்சு, நம் கணக்கில் 8.16 டன், இன்றும் இந்தியச் சாலை வடிவமைப்பில் அளவுகோலாக இருக்கிறது. நம் 1210-இல் பின் அச்சுக்கு உரியது 8 டன் என்று கொள். கூடுதலாக ஏற்றிய 4 டன்னும் பெரும்பாலும் பின்னால்தான் உட்காரும், டிப்பர் பெட்டி அமைந்திருக்கும் விதம் அப்படி. பின் அச்சு 12 டன்னாகிறது. எடை ஒன்றரை மடங்கு, சேதம் ஐந்து மடங்கு. டிரைவருக்குக் கிடைத்தது அதே பேட்டா. ஊர்ச் சாலைக்கு ஒரு நாளில் ஐந்து நாள் தேய்மானம்.

பிரேக்குக்கு வருவோம். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் தொப்பூர் கணவாயை நீ பார்த்திருக்கிறாய். 12 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது, வேகம் கூடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் வெளியாகும் சூடு 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். 16.2 டன் என்றால் 54 லிட்டர். நல்ல டிரைவர் கீழ் கியரில் இறங்கினால் இதில் பெரும் பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டால் அத்தனையும் பிரேக் டிரம்முக்கே. பழுத்த டிரம்மில் லைனிங் பிடிக்காது. வண்டி இழுக்கும் பலத்தையே பெருமையாகப் பேசுகிறவர்கள் நிறுத்தும் பலத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. 100 குதிரை வண்டி 16 டன்னை மேட்டில் ஏற்றிவிடும், கியர் போதும், பொறுமை போதும். இறக்கத்தில் பொறுமை மட்டும் உதவாது.

புது வண்டி தகரம் என்ற பேச்சை நான் ஒரு வரியில் தள்ளிவிடுகிறேன்: கேபின் தகடு மெல்லியது, சேஸ் அல்ல, எடை தூக்குவது சேஸ்.

சட்டம் உனக்குத் தேர்வில் வராது, இருந்தாலும் தெரிந்துகொள். சில மாநிலங்களில் கூடுதல் லோடுக்குப் பணத்தைக் கட்டிவிட்டு அதே லோடோடு போக விட்டார்கள். 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது: அபராதம் கட்டினாலும் மிகுதியை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். 2018 ஜூலையில் வரம்பையே கூட்டினார்கள். ஆறு சக்கர வண்டிக்கு 16.2 டன் 18.5 ஆனது, பத்துச் சக்கரத்துக்கு 25 டன் 28.5 ஆனது, நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன் 11.5 ஆனது. 2019 செப்டம்பரிலிருந்து அபராதம் 20,000 ரூபாய், மிகுதியாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. வரம்பு வசூலுக்காகத்தான் என்றால் அதை ஏன் கூட்டுவார்கள்? பிரேக் இன்ஸ்பெக்டர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை, அது வேறு கடிதம். யூனிட் கணக்கில் வாடகை பேசுகிற முதலாளியும், பொக்லைனில் தலை தட்டாமல் அள்ளிப் போடுகிற குவாரிக்காரனும் தப்பித்துக்கொள்ள, ஸ்டியரிங் பிடித்தவன் மாட்டுகிறான் என்ற குறை எனக்கும் உண்டு. ஓட்டுகிறவரை மட்டுமல்ல, ஓட்ட வைக்கிறவரையும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அவர்களைத் தேடிப் போகிறவர் யார்?

நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உன் சித்தப்பா டாரஸ் லாரி ஓட்டுகிறார் இல்லையா, அடுத்த லோடுக்கு அவரோடு போ. எடை மேடையில் முழு வண்டியையும் ஏற்றி ஒரு சீட்டு வாங்கு. பிறகு முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்தி இன்னொரு சீட்டு. முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால் பின் அச்சுகளின் எடை. மொத்தம் வரம்புக்குள் இருந்தும் பின்னால் மீறியிருக்கக்கூடும், மணலைப் பின்பக்கமாகக் குவித்திருந்தால். லோடு என்ன, ஈரமா காய்ந்ததா, பெட்டியின் உள்ளளவு அடியில் எவ்வளவு என்று சீட்டின் பின்பக்கம் எழுதி இரண்டையும் எனக்கு அனுப்பு. ஒரே வண்டியை இரண்டு தடவை எதற்கு ஏற்றுகிறாய் என்று மேடைக்காரர் சத்தம் போடுவார்; வாதாடாமல் இரண்டு எடைக்கும் காசு கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் வாத்தியார்