திரை இருண்டாலும் கணினி விழித்திருக்கிறது

நான் அறிந்த ஒரு குடும்பத்தில், பிறவியிலேயே பார்வையில்லாத கல்லூரி மாணவி ஒருத்தி, திரையின் வெளிச்சத்தால் தனக்குப் பிரயோஜனம் ஏதுமில்லை என்பதால் அதை அணைத்துவிட்டு, ஹெட்போனில் ஒலிக்கும் குரலையே துணையாகக் கொண்டு ஒரு மணி நேரமாகக் கட்டுரை ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். நடுவில் தண்ணீர் குடிக்க அவள் எழுந்து போன சமயத்தில் அறைக்குள் வந்த பெரியப்பா, திரை இருண்டு கிடப்பதைக் கண்டு, குழந்தை சுவிட்சை அணைக்க மறந்துவிட்டாள் என்று எண்ணிச் சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டிவிட்டார். கட்டுரை போயிற்று. அவரை நான் குறை கூற மாட்டேன். திரையே கணினி என்னும் நம்பிக்கை நம்மில் பெரும்பாலோரிடம் குடிகொண்டிருக்கிறது; கணினி கற்க வருகிறவர்களைத் தடுமாறச் செய்யும் வேறு பல தவறான எண்ணங்களுக்கும் அதுவே தாய் என்பது என் அபிப்பிராயம்.

உண்மையில் திரை என்பது, கணினி தன் காரியங்களை வெளியே தெரிவிக்கும் வாயில்களுள் ஒன்று, அவ்வளவே. ஒலிபெருக்கி இன்னொரு வாயில். விரலடியில் புள்ளிகள் எழுந்து அமரும் பிரெய்ல் காட்சிப்பலகை மற்றொன்று. இவற்றில் எதை மூடினாலும் உள்ளே வேலை நிற்பதில்லை. அந்தப் பெண்ணின் கட்டுரை மறைந்ததற்குக் காரணம், எழுதியதெல்லாம் கணினியில் தானே தங்கிவிடும் என்ற இரண்டாவது நம்பிக்கை. நாம் அடிக்கும் எழுத்து முதலில் தங்குவது ராம் எனப்படும் தற்காலிக நினைவகத்தில். மின்சாரம் நின்ற கணமே அது வெறுமையாகிவிடும். கண்ட்ரோல் விசையையும் எஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, கோப்புக்கு ஒரு பெயரிட்டு, ஹார்ட் டிஸ்க்கில் இடம்பெறச் செய்த பிறகே அது நிலைக்கும். சில மென்பொருள்கள் இதைத் தாமாகவே செய்கின்றன என்றாலும், பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை கையால் சேமிக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்வது உத்தமம்.

இந்தக் காரியங்களையெல்லாம் மேற்பார்வை செய்வது யார்? பெரிய கல்யாண வீட்டில், உக்கிராண அறையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சமையல்காரருக்கு எவ்வளவு அரிசி, பந்திக்கு எத்தனை இலை, எந்தப் பாத்திரம் யாரிடம் போயிருக்கிறது என்பதையெல்லாம் ஞாபகத்தில் வைத்து, யாருக்கும் தட்டுப்பாடு வராமல் அளந்து கொடுக்கும் ஒரு மூத்தவர் இருப்பார். சாப்பிட்டுப் போகும் விருந்தினர் அவரைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். இயங்குதளத்தின் ஸ்தானம் அதுதான். விண்டோஸ் இயங்குதளங்களுள் ஒன்றே தவிர, அதுவே கணினி அன்று. ஆப்பிள் கணினிகளில் மேக் ஓஎஸ் உண்டு. 1991-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கிய லினக்ஸ் உண்டு. அந்த லினக்ஸின் கருவை ஆதாரமாகக் கொண்டதே நம் கைப்பேசியிலுள்ள ஆண்ட்ராய்டு. ஆகவே கைப்பேசியைப் பழகிய எவரும், தமக்கு இயங்குதளம் என்றால் என்னவென்றே தெரியாது என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

மவுஸ் பிடிக்கத் தெரிந்தால்தான் கணினி கற்க முடியும் என்பது அடுத்த நம்பிக்கை. இதனால் எத்தனையோ பேர், அவர்களில் பார்வையுள்ள முதியவர்களும் அடக்கம், வாசற்படியிலேயே திரும்பிவிட்டார்கள். கீபோர்டில் எஃப், ஜே என்ற இரண்டு விசைகளின் மேலும் சிறு மேடு ஒன்று இருக்கிறது. இரு சுட்டுவிரல்களும் அவற்றில் அமர்ந்துவிட்டால் மற்ற விசைகளின் இருப்பிடம் தானே வசப்படும். விண்டோஸ் விசையை ஒரு முறை தட்டி, நோட்பேட் என்பதை ஆங்கில எழுத்துகளில் அடித்து, என்டரை அழுத்தினால் எழுதுவதற்கான வெற்றுப் பக்கம் திறந்துகொள்கிறது. கணினியில் நடப்பதைக் குரலில் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் அதன் தலைப்பைச் சொல்லி, இது எழுதும் இடம் என்பதையும் அறிவித்துவிடுகிறது. ஆல்ட்டும் டேபும் திறந்திருக்கும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அழைத்துச் செல்லும். டேப் மட்டும் அழுத்தினால் ஒரு சாளரத்துக்குள் அடுத்த இடத்துக்கும், ஷிஃப்டையும் சேர்த்தால் முந்தைய இடத்துக்கும் போகலாம். ஆல்ட்டும் எஃப் நான்கும் சேர்ந்தால் சாளரம் மூடிவிடும். இந்த நான்கைந்து விசைகளோடு ஒரு வாரம் பொறுமையாகப் பழகியவருக்கு மவுஸ் இல்லாத குறை தெரியவே தெரியாது.

எதையாவது அழுத்தினால் கெட்டுப்போகும் என்ற பயமும் பெரும்பாலும் அனாவசியமானது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாதாரணமாக அழிக்கும் கோப்பு முதலில் குப்பைத்தொட்டிக்குத்தான் போகிறது, அங்கிருந்து மீட்டுவிடலாம். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரிலோ இன்செர்ட்டையும் ஒன்றாம் எண்ணையும் சேர்த்து அழுத்திவிட்டால், அதன்பின் தொடும் விசையெல்லாம் தன் பெயரைச் சொல்லுமே தவிர வேறு காரியம் எதையும் செய்யாது. மறுபடியும் அவற்றையே அழுத்தும்வரை குழந்தையைப் போல அதில் விளையாடலாம்.

இனி, பலருக்கும் புதிராக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கிரீன் ரீடர் என்பது திரையிலுள்ள படத்தைக் கண்ணால் பார்ப்பதுபோலப் பார்த்துச் சொல்கிறது என்று நினைக்கிறார்கள். அப்படியானால் திரையை அணைத்த பின்பும் அந்த மாணவியால் எழுத முடிந்தது எவ்வாறு? இதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். விண்டோஸுக்கு முந்திய டாஸ் என்ற இயங்குதளத்தின் காலத்துத் திரையில் எழுத்துகளே நிறைந்திருந்தபடியால் அவற்றை அப்படியே எடுத்து ஒலிப்பது சுலபமாக இருந்தது. விபத்தில் பார்வையை இழந்த மோட்டார் சைக்கிள் பந்தய வீரரான டெட் ஹென்டரின் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடர், முதலில் டாஸுக்காகவே எழுதப்பட்டது. படங்களும் சாளரங்களும் நிறைந்த விண்டோஸ் அலுவலகங்களில் பரவியபோது, தங்கள் வேலையே பறிபோய்விடுமோ என்று பார்வையற்ற ஊழியர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானதே. பிற்பாடு 1997-இல் மைக்ரோசாஃப்ட் ஏற்படுத்திய ஓர் ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு மென்பொருளும் தன்னிடமுள்ள பொத்தான், பட்டியல், பெட்டி ஆகியவற்றின் பெயர், வகை, நிலை என்ற மூன்றையும் இயங்குதளத்தின் வாயிலாக வெளியிட வழி பிறந்தது. “சேமி, பட்டன்” என்றோ, “ஒப்புக்கொள்கிறேன், செக்பாக்ஸ், குறியிடப்படவில்லை” என்றோ குரல் சொல்வது இந்த விவரங்களைக் கேட்டறிந்துதான். மென்பொருளை எழுதியவர் பெயரிட மறந்தால், “பட்டன்” என்ற ஒரு சொல் மாத்திரமே காதில் விழும். அந்தப் பொத்தான் பணத்தை அனுப்புமா, திருப்பிவிடுமா என்று தெரியாமல் கேட்பவர் திகைத்து நிற்க நேரும். அந்தத் திகைப்புக்குப் பொறுப்பாளி எழுதியவரே; கேட்பவரின் அறியாமை அன்று.

செலவைப் பற்றிய பயத்தைச் சில வாக்கியங்களில் போக்கிவிடலாம். விண்டோஸில் நரேட்டர் என்ற ஸ்கிரீன் ரீடர் கூடவே வருகிறது. இன்றைய விண்டோஸில் விண்டோஸ் விசையோடு கண்ட்ரோலும் என்டரும் சேர்ந்தால் அது பேசத் தொடங்கும். ஆப்பிளில் வாய்ஸ்ஓவரும் ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் உண்டு. லினக்ஸுக்கு ஆர்க்கா இலவசமாகக் கிடைக்கிறது. முன்னே சொன்ன என்விடிஏ, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006-இல் எழுதத் தொடங்கி, சிறுவயதில் இசை முகாமொன்றில் அறிமுகமான, அவரைப் போலவே பார்வையற்ற நண்பர் ஒருவரோடு சேர்ந்து வளர்த்தது; பார்வையுள்ளவர் தம் கணினிக்குத் திரை வாங்கியபின் அதைப் பார்க்கத் தனிக் கட்டணம் கொடுப்பதில்லையே, நாம் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும் என்ற நியாயத்தின் பேரில் அது இன்றளவும் இலவசமாகவே வழங்கப்படுகிறது.

கடைசியாக, கணினிக்குத் தமிழ் வாசிக்க வராது என்ற நம்பிக்கை. என்விடிஏயோடு சேர்ந்தே வரும் ஈஸ்பீக் குரல் தமிழை வாசிக்கும். அதன் உச்சரிப்பு இயந்திரத்தன்மை உடையதுதான், ஆனால் பழகிய காதுக்கு நன்றாக விளங்கும். தடை வேறிடத்தில் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தார்கள். அதில் அடித்த ‘அம்மா’ கண்ணுக்கு அம்மாவாகவே தெரியும், ஆயினும் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பவைதாம். ஸ்கிரீன் ரீடர் உள்ளிருப்பதை உள்ளபடி சொல்லும். அம்மாவை அதனால் கண்டுபிடிக்க இயலாது. யூனிகோட் எனப்படும் ஒருங்குறியில் அடித்த அம்மாவோ தமிழ்க் குரல் உள்ள எந்தக் கணினியிலும் அம்மாவாகவே ஒலிக்கும்.

ஆதலால் தமிழில் சுற்றறிக்கையும் பாடக்குறிப்பும் சங்க அழைப்பிதழும் தயாரிக்கும் அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பழைய எழுத்துருவில் இருப்பதை ஒருங்குறிக்கு மாற்றி அனுப்புங்கள், தாளைப் படமெடுத்து அனுப்பினால் அதனுடன் அதன் வாசகத்தையும் எழுத்தாக அடித்து அனுப்புங்கள்.